ஃபிஸ்க்கில் படிப்பது: கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தேடும் எவர் கண்ணிலும் 'ஹெச்பிசியூ' (HBCU, கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கல்லூரிகள்) என்ற பெயர் ஒருமுறையாவது பட்டிருக்கும். நம் ஆட்களில் பலர் அது நமக்கானது அல்ல என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போவதற்கு முன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் இருக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன்.

ஹெச்பிசியூ என்றால் சரியாக என்ன?

கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கல்வி தருவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, 1964-க்கு முன் தொடங்கப்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும்தான் இவை. 1965-ல் வந்த உயர்கல்விச் சட்டம் இந்த வரையறையைத் தந்தது. இன்று இப்படிச் சுமார் நூறு நிறுவனங்கள் உள்ளன. ஏறக்குறைய பாதி அரசுடையவை, பாதி தனியார். பெரும்பாலானவை தெற்கு மாநிலங்களில் இருப்பதற்கு வரலாறுதான் காரணம். அடிமைமுறை இருந்தது அங்கே. உள்நாட்டுப் போருக்கு முன் அங்கே பல மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். போர் முடிந்த கையோடு முளைத்த பள்ளிகள் பல பின்னால் கல்லூரிகளாக வளர்ந்தன.

1964 என்ற வரம்பு இருப்பதால் இந்தப் பட்டியலில் புதிதாக எதுவும் பிறந்து சேர முடியாது. மூடப்பட்டால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்டும் இதுவும் ஒரே வகைதானா?

நம்மில் பலர் ஹெச்பிசியூ என்ற பெயரையே கமலா ஹாரிஸ் மூலமாகத்தான் கேள்விப்பட்டோம். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மகள் 1986-ல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டில் பட்டம் பெற்றார். இரண்டும் ஹெச்பிசியூ, இரண்டும் தனியார். ஆனால் படிக்கும் அனுபவம் வேறு. ஹோவர்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். மருத்துவம், சட்டம் எல்லாம் உண்டு. மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு ஆண்டுதோறும் வருகிறது. ஃபிஸ்க்கில் மாணவர்கள் மொத்தமே ஆயிரம் பேர் அளவில்தான். அரசு மாதாமாதம் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஹோவர்டைப் பற்றிப் படித்ததை வைத்துக்கொண்டு ஃபிஸ்க்கை எடை போடாதீர்கள்.

ஃபிஸ்க் எப்படித் தொடங்கியது?

போர் முடிந்த சில மாதங்களில், 1866 ஜனவரியில், வடபகுதி ராணுவம் மருத்துவமனையாக வைத்திருந்த பழைய கொட்டகைகளில் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. தொடங்கியவர்கள் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்தவர்கள். இடம் வாங்க உதவிய ஜெனரல் கிளின்டன் ஃபிஸ்க்கின் பெயர் வைக்கப்பட்டது. முதலில் வந்து உட்கார்ந்த மாணவர்களில் ஏழு வயதுக் குழந்தையும் இருந்தது, எழுபது வயது முதியவரும் இருந்தார். ஆயுள் முழுக்க எழுத்து மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே அது பல்கலைக்கழகமாகப் பதிவு செய்யப்பட்டது. அப்போது அங்கே கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் எழுத்தும் கணக்கும்தான். ஆனாலும் பல்கலைக்கழகம் என்றே பெயர் வைத்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நாஷ்வில்லில் அடிமைகளை அடைத்து வைத்திருந்த கொட்டடியிலிருந்து துருப்பிடித்த விலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பு விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் எழுத்துப் புத்தகங்கள் வாங்கினார்கள் என்று ஃபிஸ்க்கின் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

மாணவர்கள் பாட்டுப் பாடிக் கட்டடம் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஐந்தே ஆண்டுகளில் பள்ளி கடனில் மூழ்கிவிட்டது. கட்டடங்கள் இற்றுப்போயின, மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபர் 6-ஆம் தேதி ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். பியானோ வாசித்தும் குழுவைப் பயிற்றுவித்தும் அதைத் தாங்கியவர் எலா ஷெப்பர்ட். அவர் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய தந்தை விலை கொடுத்து மகளை மீட்டார். குழுவில் பெரும்பாலோர் இப்படி அடிமையாகப் பிறந்தவர்கள்தான்.

புறப்பட்ட சில நாட்களில் சிகாகோ நகரமே தீப்பற்றி எரிந்தது. கையில் சாப்பாட்டுக்கே பணம் இல்லாத நிலையில், கச்சேரியில் கிடைத்த சொற்பத் தொகையைச் சிகாகோ மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல ஊர்களில் விடுதிக்காரர்கள் இடம் தர மறுத்தார்கள். முதலில் அன்றைக்கு மேடைக்கேற்றதாகக் கருதப்பட்ட பாடல்களைத்தான் பாடினார்கள், கூட்டம் சேரவில்லை. அப்புறம்தான் தங்கள் தாய்தந்தையர் வயல்களிலும் ரகசிய வழிபாடுகளிலும் பாடிய பாடல்களை மேடையேற்றினார்கள். வெளியாரிடம் பாடிக்காட்டுவதற்கானவை அல்ல என்று அவர்களே தயங்கிய பாடல்கள் அவை. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். விவிலியத்தில் அடிமைகள் விடுதலை பெறும் ஜூபிலி ஆண்டை நினைத்து, ஜூபிலி சிங்கர்ஸ் என்று குழுவுக்குப் பெயர் வந்தது.

முதல் பயணத்தில் 20,000 டாலர் சேர்ந்தது. 1873-ல் இங்கிலாந்துக்குப் போய் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். அவர்கள் ஈட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876-ல் திறக்கப்பட்டது. தெற்கில் கறுப்பின மாணவர்களின் உயர்கல்விக்கென்று எழுப்பப்பட்ட முதல் நிரந்தரக் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பயணத்தின்போது எட்மண்ட் ஹாவல் என்ற ஓவியர் வரைந்த, குழுவினரின் ஆளுயரத்துக்கும் பெரிய ஓவியம் இன்றும் அங்கே தொங்குகிறது. ஜூபிலி ஹால் மாணவியர் விடுதியாகவும் இருந்து வருகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 6 ஜூபிலி தினம். குழு இன்றும் பாடுகிறது. உறுப்பினர்கள் இன்றும் மாணவர்களே. 2021-ல் கிராமி விருது வாங்கினார்கள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல தனியார் பல்கலைக்கழகங்கள் செல்வந்தர் தந்த பணத்தில் எழுந்தவை. இந்த வளாகத்தின் முக்கியமான கட்டடத்துக்கு மாணவர்களே உழைத்துப் பணம் கொண்டுவந்தார்கள். இங்கே சேருபவரிடம் அந்த நினைவோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

கறுப்பினத்தவர் அல்லாதவர்கள் சேர முடியுமா?

தாராளமாகச் சேரலாம். சட்டப்படியும் நடைமுறைப்படியும் எந்தத் தடையும் இல்லை. ஹெச்பிசியூக்கள் மற்றவர்களை ஒதுக்கிவைக்க உருவானவை அல்ல, ஒதுக்கப்பட்டவர்களுக்காக உருவானவை. இன்று எல்லா ஹெச்பிசியூக்களிலும் சேர்த்துப் பார்த்தால் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லாதவர். ஃபிஸ்க் மாதிரிச் சிறிய தனியார் இடங்களில் அந்தப் பங்கு இன்னும் குறைவு. அதனால் வகுப்பில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரியலாம்.

விரோதம் இருக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது யாருடைய இடம் என்ற உணர்வு உங்களுக்கு இருக்க வேண்டும். நம் வீடுகளில் நிறத்தைப் பற்றியும் கறுப்பின மக்களைப் பற்றியும் சர்வசாதாரணமாகப் புழங்கும் பேச்சுகளை நாம் எல்லோரும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். அந்தப் பேச்சுகளைச் சுமந்துகொண்டு அங்கே போகாதீர்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே அதைக் கழற்றி வைக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இப்போதுதான் எல்லாக் கல்லூரிகளிலும் எல்லோரும் படிக்கலாமே. தனியாக எதற்கு?

அடிக்கடி வரும் கேள்வி. கேட்கும் தொனியில் சில நேரம் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கும்.

நாட்டின் கல்லூரிகளில் ஹெச்பிசியூக்கள் நூற்றுக்கு மூன்று அளவில்தான். ஆனால் பட்டம் பெறும் கறுப்பின மாணவர்களில் அதைவிடப் பல மடங்கு பங்கை இவை உருவாக்குகின்றன. அறிவியல், மருத்துவத் துறைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய பல்கலைக்கழகத்தில் இருநூறு பேர் வகுப்பில் ஒரே கறுப்பின மாணவராக உட்கார்ந்திருப்பவர், கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் தன் இனம் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. தப்பாகச் சொன்னால் 'இவர்கள் இப்படித்தான்' என்று ஆகிவிடும். ஃபிஸ்க்கில் அவர் வெறும் மாணவர். சோம்பேறியாகவும் இருக்கலாம், மேதையாகவும் இருக்கலாம், பயந்தவராகவும் இருக்கலாம். அந்தச் சுதந்திரம் பதினெட்டு வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, முதல் தலைமுறையாகப் பெரிய கல்லூரிக்குள் கால் வைத்த எவருக்கும் சொல்லாமலே புரியும்.

சிறிய பல்கலைக்கழகம் என்றால் வகுப்பு எப்படி இருக்கும்?

பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். வகுப்புக்கு வரவில்லை என்றால் வழியில் பார்க்கும்போது ஏன் என்று கேட்பார். மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போது, உங்களை உண்மையாகவே அறிந்தவர் எழுதுவார். மறைந்துகொள்ள இடம் கிடையாது என்பதுதான் இதன் மறுபக்கம். பின்வரிசையில் உட்கார்ந்து தேர்வுக்கு மட்டும் படித்துத் தேறிப் பழகியவர்களுக்கு முதல் பருவம் கஷ்டமாக இருக்கும்.

பாடத் தெரிவு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு துறையில் மூன்று நான்கு பேராசிரியர்களே இருந்தால், நீங்கள் விரும்பும் சிறப்புப் பாடம் எல்லாப் பருவத்திலும் வராது. ஒருவர் விடுப்பில் போனாலே அட்டவணை மாறும். இதைச் சேருவதற்கு முன்பே துறையிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிவியல் படிக்க ஃபிஸ்க் ஏற்ற இடமா? ஆய்வுக்கூடங்கள் சிறியவை ஆயிற்றே?

ஃபிஸ்க்கின் அறிவியல் மரபு பலருக்குத் தெரியாது. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் செயின்ட் எல்மோ பிராடி. 1916-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டத்தை வாங்கினார். ஃபிஸ்க்கில் படித்த அவர் பின்னால் அங்கேயே வேதியியல் துறையைக் கட்டி எழுப்பினார். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பின அமெரிக்கர் எல்மர் ஐம்ஸ். அவரும் ஃபிஸ்க்கின் பழைய மாணவர்தான். 1930-ல் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கத் திரும்பி வந்தார். அகச்சிவப்பு நிறமாலையியலில் அவர் செய்த வேலை, மூலக்கூறுகளுக்கும் குவாண்டம் கொள்கை பொருந்தும் என்பதற்குச் சான்றாக அமைந்தது. அந்தத் துறையில் ஃபிஸ்க்கின் ஆய்வு அவருக்குப் பிறகும் தொடர்ந்தது.

இன்றைய மாணவருக்கு முக்கியமானது 2004-ல் தொடங்கிய ஃபிஸ்க்-வாண்டர்பில்ட் பாலத் திட்டம். முதலில் ஃபிஸ்க்கில் முதுகலை. படிக்கும்போதே அதே ஊரில் உள்ள பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட்டில் வழிகாட்டி, பாடங்கள், ஆய்வுக்கூடம். தேறினால் அங்கே முனைவர் படிப்புக்குப் போகும் வழி திறக்கும். இயற்பியல், வானியல், பொருளறிவியல் போன்றவற்றில் இதன் வழியாக வந்தவர்கள் பலர். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தள்ளிவிடாமல், மாணவருடைய விடாமுயற்சியையும் ஆய்வு ஆர்வத்தையும் பார்த்து எடுப்பது இதன் அடிப்படை. இந்தத் திட்டம் யாருக்காக உருவானது, வெளிநாட்டு மாணவருக்கு என்ன நிபந்தனை என்பதை விண்ணப்பிக்கும் முன் நேரடியாக விசாரியுங்கள்.

கலை, வரலாறு, சமூகவியல் பக்கம்?

இங்கேதான் ஃபிஸ்க் எனக்கு மலைப்பைத் தருகிறது. கறுப்பினச் சிந்தனையாளரும் சமூகவியலாளருமான டு பாய்ஸ் 1888-ல் இங்கே பட்டம் பெற்றவர். வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், கவிஞர் நிக்கி ஜியோவானி இருவரும் இங்கே படித்தவர்கள். சமூகவியலாளர் சார்ல்ஸ் ஜான்சன் 1946-ல் இதன் முதல் கறுப்பினத் தலைவரானார். ஓவியர் ஆரன் டக்ளஸ் 1930-ல் நூலகச் சுவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து தொடங்கும் நீண்ட பயணத்தை வரைந்துவிட்டு, பின்னால் அங்கேயே ஓவியத் துறையைத் தொடங்கி 1966 வரை கற்பித்தார்.

அப்புறம், ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1949-ல் தன் கணவரும் புகைப்படக் கலைஞருமான ஸ்டீக்லிட்ஸின் சேகரிப்பிலிருந்து ஒரு பெரும் தொகுதியை ஃபிஸ்க்குக்குக் கொடுத்தார். தன் ஓவியங்களையும் சேர்த்து மொத்தம் 101 படைப்புகள். செசான், ரெனுவார், பிக்காசோ ஆகியோரின் படைப்புகள் அதில் உண்டு. நிறவெறி சட்டமாக இருந்த தெற்கில், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் வளாகத்துக்கு அவை வந்தன.

நிறப்பாகுபாட்டுக்கு எதிரான 1960 போராட்டத்தில் ஃபிஸ்க் மாணவர்களின் பங்கு என்ன? அதற்கும் காந்திக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியான தொடர்பு. ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் ஊழியர் 1950களின் நடுவில் மூன்று ஆண்டுகள் நாக்பூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தார். அங்கே சத்தியாகிரகத்தைக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி வாண்டர்பில்ட்டில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். நாஷ்வில் தேவாலயங்களில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். ஒருவர் திட்டுவார், தள்ளுவார், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார். மற்றவர் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுவார். அப்படிப் பழகியவர்களில் ஃபிஸ்க் மாணவி டயேன் நாஷ் ஒருவர். சிகாகோவில் வளர்ந்து ஹோவர்டிலிருந்து ஃபிஸ்க்குக்கு மாறி வந்த அவருக்கு, கறுப்பினப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்று எழுதியிருந்த பலகை தாங்க முடியாத அதிர்ச்சி. பக்கத்து அமெரிக்கன் பேப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் படித்த ஜான் லூயிஸும் அந்த வகுப்புகளுக்கு வந்தார். அவர் பின்னால் ஃபிஸ்க்கிலும் பட்டம் பெற்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

1960 பிப்ரவரி 13-ஆம் தேதி, 124 மாணவர்கள் நகர மையத்துக் கடைகளின் உணவு மேடைகளில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கடைகளில் கறுப்பினத்தவர் சாமான் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. இரண்டு வாரத்தில் அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, அடி வாங்கிய எண்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் போலீஸ் கைது செய்தது. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். வாண்டர்பில்ட் லாசனை வெளியேற்றியது. ஏப்ரல் 19 அதிகாலை, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அதன் அதிர்வில் மெஹாரி மருத்துவக் கல்லூரியின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. அன்றே ஆயிரக்கணக்கானோர் ஜெபர்சன் தெரு வழியாக நகராட்சி மன்றத்துக்கு வாய் திறக்காமல் நடந்தார்கள். படியில் நின்ற மேயர் பென் வெஸ்ட்டிடம், நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று டயேன் நாஷ் நேருக்கு நேர் கேட்டார். மேயர் ஒப்புக்கொண்டார். மே 10-ஆம் தேதி அந்த உணவு மேடைகள் எல்லோருக்கும் திறந்தன. குண்டு வெடித்த மறுநாள் ஃபிஸ்க்கில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், ஊக்கம் கொடுக்க வரவில்லை, பெற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

அப்போது டயேன் நாஷுக்கு 21 வயது.

செலவு எவ்வளவு? உதவித்தொகை கிடைக்குமா?

தனியார் என்பதால் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். விடுதி, சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளுக்குள் இது குறைந்த பக்கம்தான். அதற்காக நமக்கு இது சின்னத் தொகை ஆகிவிடாது.

வருமானம் குறைந்த குடும்பத்து அமெரிக்கக் குடிமக்களுக்கு மத்திய அரசின் பெல் உதவி உண்டு. ஹெச்பிசியூ மாணவர்களில் பெரும்பாலோர் அதை நம்பித்தான் படிக்கிறார்கள். 1944-ல் தொடங்கிய யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட் தனியார் ஹெச்பிசியூக்களுக்காக நிதி திரட்டுகிறது. ஃபிஸ்க் அதில் உறுப்பினர். வெளிநாட்டு மாணவருக்குப் பெல் உதவி கிடையாது. பல்கலைக்கழகமே தரும் தகுதி உதவித்தொகைதான் வழி. முதுகலை அறிவியலில் ஆய்வு உதவியாளர் வேலை இருக்கிறதா என்று அந்தந்தப் பேராசிரியரிடம் கேட்கலாம்.

கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் என் கருத்தை மறைக்க மாட்டேன்: வீட்டை அடமானம் வைத்து இளங்கலைக்குப் போக வேண்டாம். உதவித்தொகைக் கடிதம் கையில் வந்த பிறகு முடிவெடுங்கள்.

பணநெருக்கடி பற்றிக் கேள்விப்பட்டோம். மூடிவிடுவார்களோ?

நியாயமான பயம். ஹெச்பிசியூக்களின் அறக்கட்டளை நிதி, அதே அளவுள்ள மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சிறியது. பழைய மாணவர்களின் குடும்பங்களுக்கு வீடு வாங்கவும் சொத்துச் சேர்க்கவும் தலைமுறை தலைமுறையாக வழி மறிக்கப்பட்டது. நன்கொடை எங்கிருந்து கொட்டும்? வர்ஜீனியாவின் செயின்ட் பால்ஸ் கல்லூரி 2013-ல் மூடப்பட்டது. அட்லாண்டாவின் மாரிஸ் பிரவுன் 2002-ல் அங்கீகாரத்தை இழந்து, இருபது ஆண்டுகள் போராடி 2022-ல் திரும்பப் பெற்றது.

ஃபிஸ்க்கும் இந்த நெருப்பில் நடந்திருக்கிறது. மேலே சொன்ன ஓவியத் தொகுதியை வைத்துப் பணம் திரட்ட முயன்றபோது, கொடுத்தவரின் நிபந்தனையை மீறலாமா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. கடைசியில் 2012-ல் ஆர்கன்சாவின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் 3 கோடி டாலருக்குப் பாதி உரிமை வாங்கியது. இப்போது தொகுதி இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போகிறது. மனம் வலித்தாலும் அந்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஓவியங்களைக் காப்பாற்றிவிட்டு வகுப்பறையை மூடுவதில் என்ன பயன்?

இன்னொரு உதாரணம் ஜிம்னாஸ்டிக்ஸ். ஹெச்பிசியூக்களிலேயே முதல் பெண்கள் அணியாக ஃபிஸ்க் அணி 2023 ஜனவரியில் லாஸ் வேகாஸில் களம் இறங்கியபோது நாடே பார்த்தது. 2026 பருவத்தோடு அதை நிறுத்துவதாக 2025-ல் அறிவித்துவிட்டார்கள். சிறிய இடத்தில் ஒரு நல்ல முயற்சி பிறப்பதும் நிற்பதும் வேகமாக நடக்கும். உங்கள் துறையோ திட்டமோ நான்கு ஆண்டுகளுக்கு இருக்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா?

வாண்டர்பில்ட்டுக்கு அங்கீகாரம் தரும் அதே தெற்கு மாநில அமைப்புதான் ஃபிஸ்க்குக்கும் தருகிறது. 1930-ல் அந்த அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்ற முதல் கறுப்பின நிறுவனம் ஃபிஸ்க். படித்து முடித்த பிறகு வேலைப் பயிற்சிக்கான விசா விதிகளும் எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஒன்றேதான்.

பெயர் மதிப்பு என்று பார்த்தால், நம் ஊரில் ஃபிஸ்க்கைத் தெரிந்தவர்கள் குறைவு. உறவினர்கள் 'எங்கே இருக்கு அது?' என்று கேட்பார்கள். டு பாய்ஸ் இங்கே பட்டம் வாங்கிக்கொண்டு ஹார்வர்டு போனபோது, அவர்கள் அதை ஏற்காமல் மறுபடியும் இளங்கலையே படிக்க வைத்தார்கள். 1890-ல் அதை முடித்து, 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். இன்று அந்த நிலை இல்லை.

வளாக வாழ்க்கை எப்படி?

சுமார் 40 ஏக்கர். எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். வளாகத்தின் நடு வெளியை யார்டு என்பார்கள். மாலையில் ஆட்டம், பாட்டு, விவாதம் எல்லாம் அங்கேதான். டிவைன் நைன் எனப்படும் ஒன்பது கறுப்பின மாணவர் சங்கங்களில் பல இங்கே இயங்குகின்றன. கால் தாளத்தோடு அவர்கள் ஆடும் ஸ்டெப் ஆட்டத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அந்தச் சங்கங்களின் நிறங்கள், கை அடையாளங்கள், அழைப்பொலிகள் உறுப்பினர்களுக்கு மட்டும் உரியவை. வேடிக்கைக்காகக் கூடச் செய்துகாட்டாதீர்கள். இலையுதிர்காலத்து ஹோம்கமிங் வாரத்தில் எழுபது வயதுப் பழைய மாணவர்களும் வந்து குழந்தைகளாகிவிடுவார்கள்.

விடுதி இடம் நெருக்கடிதான். 2023-ல் கப்பல் கண்டெய்னர்களைக் கொண்டே ஒரு விடுதி கட்டினார்கள். பழைய கட்டடங்களில் வெந்நீர், குளிர்சாதனம் பற்றிய குறைகள் வரும். அலுவலக வேலைகள் மெதுவாக நடக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எப்படி?

நாஷ்வில் என்றால் பலருக்கும் நாட்டுப்புற இசை. ஃபிஸ்க் இருப்பது வட நாஷ்வில். அதன் கதை வேறு. ஜெபர்சன் தெரு ஒரு காலத்தில் கறுப்பின வணிகமும் இசையும் செழித்த தெரு. கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இளம் வயதில் அங்குள்ள கிளப்புகளில் வாசித்தார். 1960களின் பிற்பகுதியில் நெடுஞ்சாலை 40-ஐ அந்தப் பகுதிக்கு நடுவே போட்டு, நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். அந்தக் காயம் இன்றும் தெரிகிறது. எதிரிலேயே மெஹாரி மருத்துவக் கல்லூரியும், சற்றுத் தள்ளி டென்னசி அரசுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அமெரிக்கன் பேப்டிஸ்ட் கல்லூரியையும் சேர்த்தால் ஒரே நகரில் நான்கு ஹெச்பிசியூக்கள்.

வாடகை ஏறிக்கொண்டே போகிறது, பேருந்து வசதி குறைவு. பெரிய நகரங்களில் எடுக்கும் எச்சரிக்கைகள் இங்கும் போதும். வசந்தத்தில் சூறாவளி எச்சரிக்கை ஒலித்தால் அலட்சியம் வேண்டாம். 2020 மார்ச்சில் வட நாஷ்வில் பெருஞ்சேதம் கண்டது.

ஃபிஸ்க் இல்லையென்றால் இதுபோல் வேறு எங்கே?

நியூ ஆர்லியன்ஸில் சேவியர்: ஒரே கத்தோலிக்க ஹெச்பிசியூ, கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதில் பெயர் பெற்றது. அலபாமாவில் டல்லடேகா. மிசிசிப்பியில் ஜாக்சன் நகரருகே டூகலூ: 1961-ல் வெள்ளையர் நூலகத்தில் போய்ப் புத்தகம் எடுத்து உட்கார்ந்ததற்காக ஒன்பது மாணவர்கள் கைதான கல்லூரி. டூகலூவுக்கு 1964 மே மாதம் வந்த நம் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவை, ஜாக்சனில் ஓர் உணவகம் நிறத்தைக் காட்டி உள்ளே விடவில்லை. அவர் மறுபடியும் போய்க் கைதானார்.

யாருக்கு இது சரிப்படாது?

விசாவுக்கு ஒரு வழி என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு. தரவரிசைப் பட்டியலில் எண் பார்த்தே தூங்கப் போகிறவர்களுக்கு. நூறு சிறப்புப் பாடங்களில் ஒன்றைப் பொறுக்க விரும்பும் பொறியியல் மாணவர்களுக்கு. நம் ஆட்கள் கூட்டமாக இருக்கும் இடம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் இது ஒத்துவராது. அதில் தப்பில்லை, வேறு இடங்கள் இருக்கின்றன.

சரி, விண்ணப்பிக்கலாம் என்று தோன்றுகிறது. முதலில் என்ன செய்ய?

சேர விரும்பும் துறையின் இரண்டு பேராசிரியர்களுக்குச் சுருக்கமாக எழுதுங்கள். அவர்கள் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள். சிறிய இடம் என்பதால் பதில் வர வாய்ப்பு அதிகம். தற்போது படிக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லி அனுமதி அலுவலகத்திடம் கேளுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால் அமெரிக்கத் தூதரகப் பக்கத்தை மட்டும் நம்புங்கள், முகவர் சொல்வதை அல்ல. விண்ணப்பக் கட்டுரையில் ஹெச்பிசியூ ஏன் என்று கேட்டால், பன்முகத்தன்மை பற்றி நாலு அழகான வரி எழுதி ஒப்பேற்ற வேண்டாம். உங்களுக்கு உண்மையில் என்ன காரணமோ அதை எழுதுங்கள். படிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.